உட்கார்ந்த இடத்தில் ஒரு இடி

புனே வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் கீழ் வீட்டு காகா எங்கள் கதவைத் தட்டியது மொத்தமே மூன்று முறை. முதல் தடவை கணபதி சதுர்த்திக்கு மோதகம் கொடுக்க. இரண்டாம் தடவை எங்கள் பாத்ரூம் தண்ணீர் அவர் சீலிங்கில் ஒழுகியதற்கு. மூன்றாம் தடவை போன தீபாவளி லீவில், ராத்திரி பத்தரை மணிக்கு. மனுஷர் கோபப்படக்கூட இல்லை. "உங்க டிவி சத்தம் எனக்குக் கேக்கல. ஆனா என் கட்டில் ஆடுது" என்றார்.

அன்றைக்கு ஓடியது என் பையனுடைய கேமும் இல்லை, என்னுடைய ஹாலிவுட் படமும் இல்லை. அப்பா பார்த்துக்கொண்டிருந்த நாதஸ்வரக் கச்சேரி. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. கும்பகோணத்தை விட்டு எங்களோடு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. காது மந்தம். அவர் வால்யூமை ஏற்ற ஏற்ற, மூலையில் இருந்த சப்-வூஃபர் தவிலை வாங்கித் தரை வழியாக காகாவின் கட்டிலுக்கு அனுப்பியிருக்கிறது.

நான் மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாளிலிருந்து அப்பா ரிமோட்டைத் தொடவே இல்லை. "கேட்டது போதும்ப்பா" என்று பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். வீட்டில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

பத்தாவது படிக்கும் பையன்தான் ஒரு யோசனை சொன்னான். கார் ரேஸ் கேம் ஆடுகிறவர்கள் நாற்காலிக்கு அடியில் ஒரு ஷேக்கரை மாட்டுவார்களாம். பேஸ் சத்தம் காற்றில் போகாமல் நேராக முதுகுக்கு வருமாம். "எனக்கு ஒண்ணு வாங்கிக் கொடுங்கப்பா, சப்-வூஃபரே வேணாம்." சொந்த லாபத்துக்காகச் சொன்னதுதான். ஆனாலும் நான் பொட்டி தட்டுகிறவன், ஒரு சாமான் வாங்கும் முன் அதன் பூர்வீகத்தைத் தோண்டாமல் தூக்கம் வராது. தோண்டியதில் கிடைத்தது இந்தப் பதிவு.

முதலில், கட்டில் ஏன் ஆடுது?

நம் காது பொதுவாக 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கேட்காது. 1000 ஹெர்ட்ஸ் ஒலி சும்மா 2, 3 டெசிபல் இருந்தாலே நல்ல காதுக்குக் கேட்டுவிடும். 20 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால் 78 டெசிபல் வரை ஏற்ற வேண்டும். அதாவது ஆழமான பேஸ் நமக்குக் கேட்க ஆரம்பிக்கும்போதே காற்றில் ஏகப்பட்ட சக்தி ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்த சிக்கல், 20 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலையின் நீளம் சுமார் 17 மீட்டர். எங்கள் ஹாலின் நீளமே ஐந்து மீட்டர்தான். திரைச்சீலை, கார்ப்பெட், கதவு எதுவும் அந்த அலையை நிறுத்தாது. கான்கிரீட் தளம் அதை அப்படியே வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்.

ஆனால் பேஸைக் கேட்க காது மட்டும்தான் வழி என்றில்லை. நம் தோலுக்கு அடியில் அதிர்வை உணரும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை இத்தாலிய மாணவர் ஃபிலிப்போ பாச்சினி 1830-களில் கவனித்தார். அவர் பெயரே அதற்கு வைக்கப்பட்டிருக்கிறது. அது 250 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வுகளுக்கு ரொம்பக் கூர்மை. அதைவிடத் தாழ்ந்த அதிர்வுகளைப் பிடிக்க வேறு உறுப்புகள் உண்டு. கோயில் புறப்பாட்டில் தவில்காரருக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். நெஞ்சுக்கூட்டுக்குள் இன்னொருத்தர் அடிக்கிற மாதிரி இருக்குமே, அதுதான்.

ஆக, பேஸ் என்பது பாதி கேட்பது, பாதி உணர்வது. உணர்கிற பாதியை மட்டும் தனியே பிரித்து ஒரு ஆளுக்குக் கொடுக்க முடியுமா என்பதுதான் இந்த நாற்காலிகளின் கதை.

1959: கத்துங்க, இல்லாட்டி செத்தீங்க!

கதை ஒரு பயாஸ்கோப் வித்தைக்காரரிடம் தொடங்குகிறது. வில்லியம் காஸில் என்ற ஹாலிவுட் டைரக்டர். படத்தைவிடப் படத்துக்கு ஆள் பிடிக்கும் உத்திகளில் கில்லாடி. 1959-ல் 'தி டிங்லர்' என்று ஒரு பேய்ப்படம் எடுத்தார். கதாநாயகன் வின்சென்ட் பிரைஸ், ஒரு டாக்டர். மனிதன் பயப்படும்போது முதுகுத்தண்டில் ஒரு பூச்சி வளர்கிறது, வாய்விட்டுக் கத்தினால் அது அடங்கிவிடும், கத்தாவிட்டால் ஆளைக் கொன்றுவிடும் என்று கண்டுபிடிக்கிறார். நம்ம ஊர் மாயாஜாலப் படங்களுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை :-)

இந்தப் படத்துக்காக காஸில், தியேட்டர்களில் சில இருக்கைகளுக்கு அடியில் மின் மோட்டார்களை மாட்டச் சொன்னார். விமான இறக்கையில் படியும் பனியை உதறித்தள்ளப் பயன்பட்ட, போரில் மிஞ்சிப்போன மோட்டார்கள். படத்தில் அந்தப் பூச்சி தப்பித்து ஒரு தியேட்டருக்குள்ளேயே புகுந்துவிடும். திரை இருண்டுபோகும். "உயிர் பிழைக்கணும்னா கத்துங்க" என்று பிரைஸின் குரல் வரும். அந்த நேரம் பார்த்து மோட்டார்களை ஓடவிடுவார்கள். யார் முதுகு நடுங்கியதோ அவர்கள் கத்துவார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் கத்துவார்கள். எல்லா நாற்காலியிலும் மாட்ட வேண்டிய அவசியமே இல்லை. பயம் தொற்றுநோய் ஆச்சே. இந்த ஏற்பாட்டுக்கு 'பெர்செப்டோ' என்று பெயர்.

இதில் என்னை நிறுத்திய ஒரு விஷயம் உண்டு. படத்தில் பூச்சிக்குப் பலியாகும் பெண்ணுக்குக் காது கேட்காது, வாயும் பேச வராது. அதனால்தான் அவளால் கத்த முடியவில்லை, செத்துப்போகிறாள். இருக்கையை ஆட்டிய அந்தப் படத்தின் கதையே ஒரு காது கேளாதவரின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அந்த இருக்கையே காது கேளாதவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று அன்றைக்கு அங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷம் கழித்து, 1962-ல், மார்ட்டன் ஹைலிக் என்பவர் 'சென்சோரமா' என்ற பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே ஒருத்தர் உட்காரலாம். தலையை உள்ளே விட்டால் முப்பரிமாணப் படம், முகத்தில் காற்று, மூக்குக்கு வாசனை, அதோடு ஆடும் இருக்கை. நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் மோட்டார் சைக்கிளில் போகிற மாதிரி இருக்குமாம். பணம் போட ஆள் கிடைக்காமல் நின்றுபோனது. இன்றைய விர்ச்சுவல் ரியாலிட்டிக்கு அவரைத்தான் தாத்தா என்கிறார்கள்.

1974: கட்டடத்தையே ஆட்டு!

அடுத்து வந்தவர்கள் நாற்காலியை விட்டுவிட்டு நேராகக் கட்டடத்துக்கே போய்விட்டார்கள்.

யுனிவர்சல் ஸ்டுடியோ 1974 நவம்பரில் 'எர்த்க்வேக்' படத்தை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்து விழும் கதை. சார்ல்டன் ஹெஸ்டன் நாயகன். பார்க்கிறவர்களுக்கும் நிலம் நடுங்க வேண்டும் என்று ஸ்டுடியோவின் ஒலிப்பிரிவு உருவாக்கியதுதான் 'சென்சரவுண்ட்'. செர்வின்-வேகா கம்பெனி செய்த பீரோ சைஸ் ஸ்பீக்கர்களைத் திரைக்குக் கீழேயும் தியேட்டரின் பின்பக்கமும் அடுக்கினார்கள். இடம் போதாமல் சில தியேட்டர்களில் இருக்கைகளைக் கழற்ற வேண்டியிருந்தது.

வேலை செய்த விதம் சுவாரசியமானது. அன்றைய ஃபிலிமின் ஒலித்தடத்தில் அத்தனை ஆழமான பேஸைப் பதியவே முடியாது. அதனால் நிலநடுக்கச் சத்தத்தை ஃபிலிமில் வைக்கவில்லை. ஃபிலிமில் ஒரு சமிக்ஞை ஒலி மட்டும் இருக்கும். அது வந்ததும் தியேட்டரில் இருக்கும் ஒரு கருவி தானே ஒரு உறுமலை உண்டாக்கி அந்தப் பெரிய ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும். காது கேட்கும் எல்லைக்கும் கீழே போகிற உறுமல், 110, 120 டெசிபல் அளவுக்கு. 1959-ல் ஒரு ஆள் சுவிட்ச் போட்டுச் செய்த வேலையை இங்கே ஃபிலிமே செய்தது.

ஹாலிவுட்டின் பிரபலமான சைனீஸ் தியேட்டரில் மேற்கூரைக் காரை உதிர்ந்து ரசிகர் தலையில் விழாமல் இருக்க வலை கட்டினார்கள். பார்வையாளர்களுக்கு ஏற்படும் உடல், மனப் பாதிப்புகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று வாசலில் போர்டு வைத்தார்கள். அந்த போர்டே கூட்டத்தைக் கூட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். படத்துக்குச் சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் கிடைத்தது. சென்சரவுண்டைச் செய்தவர்களுக்குத் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது.

அப்புறம் 'மிட்வே' (1976), 'ரோலர்கோஸ்டர்' (1977), 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' (1978) என்று சில படங்கள். அதோடு கடையைக் கட்டிவிட்டார்கள். செலவு ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அமெரிக்காவில் அந்தச் சமயம் ஒரே கட்டடத்தில் நாலைந்து திரைகள் வைத்த தியேட்டர்கள் பெருகிக்கொண்டிருந்தன. பக்கத்துத் திரையில் 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் பார்த்தவர்கள், அமைதியான காட்சியில் சுவர் உறுமுகிறது என்று புகார் சொன்னதாகச் சொல்வார்கள்.

படித்ததும் சிரித்துவிட்டேன். கீழ் வீட்டு காகாவின் கட்டில் புகாரேதான், ஐம்பது வருஷம் முந்தைய பதிப்பு!

தியேட்டர் பேஸ் அதன்பிறகு அடங்கியதா என்றால் இல்லை, நாகரிகமானது. 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' 70 எம்.எம். பிரதிகளில் பேஸுக்கென்றே தனித் தடங்களை டால்பி ஒதுக்கியது. 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டால்பி டிஜிட்டல் வந்தபோது அது 5.1-ல் இருக்கும் அந்த '.1' ஆனது. மற்ற தடங்களில் கிட்டத்தட்ட முழு ஒலியும் போகும், இதில் 120 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். அதனால்தான் முழு எண் இல்லாமல் புள்ளி ஒன்று. டிவிடி வந்ததும் அந்தப் புள்ளி ஒன்று நம் ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த வீட்டுக்காரர் பிரச்சினையும் கூடவே வந்தது.

கோன் இல்லாத ஸ்பீக்கர்

திரும்ப நாற்காலிக்கே போனவர்களில் ஜப்பான்காரர்கள் முந்திக்கொண்டார்கள். அந்த நாட்டின் ராக்கெட் பிதாமகர் ஹிடேயோ இடோகாவா. 1955-ல் பென்சில் அளவு ராக்கெட் விட்டு ஜப்பானிய விண்வெளித் துறையைத் தொடங்கியவர். 2005-ல் ஹயபுசா விண்கலம் போய் இறங்கிய குறுங்கோளுக்கு அவர் பெயர்தான். அந்த மனுஷருக்கு இசைக்கருவி செய்வதிலும் பைத்தியம். கருவியை வாசிக்கிறவருக்கு ஒலி இரண்டு வழியில் போகிறது, ஒன்று காற்று வழியாகக் காதுக்கு, இன்னொன்று கருவியைத் தொட்டிருக்கும் உடம்பு வழியாக எலும்புக்கு. கேட்கிறவருக்கு அந்த இரண்டாவது வழி கிடைப்பதில்லை என்றார். அதைக் கேட்கிறவருக்கும் கொடுக்கலாமே என்று 'பாடிசோனிக்' என்ற பெயரில் அதிரும் நாற்காலிகள் அங்கே வந்தன. பயோனியர் கம்பெனியும் அவற்றை விற்றது.

தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கிறவருக்கும், திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறவருக்கும் உள்ள வித்தியாசமும் இதுதானே.

1990-களில் அமெரிக்காவில் இரண்டு கம்பெனிகள் இதை மலிவாக்கின. கலிபோர்னியாவின் ஆரா சிஸ்டம்ஸ் 'பேஸ் ஷேக்கர்' என்ற வட்டமான சாமானைக் கொண்டுவந்தது. ஓஹையோவின் கிடாமர் கம்பெனி 'பட்கிக்கர்' என்று விற்றது. பெயரைத் தமிழ்ப்படுத்தினால் வீட்டில் அடி விழும், நீங்களே புரிந்துகொள்ளுங்கள் :-)

உள்ளே இருப்பது சாதாரண ஸ்பீக்கர் சூத்திரம்தான். ஸ்பீக்கரில் காந்தத்துக்கு நடுவே ஒரு காயில். மின்சாரம் போனால் காயில் ஆடும், அதோடு ஒட்டிய காகிதக் கோன் ஆடும், கோன் காற்றைத் தள்ளும். ஷேக்கரில் கோன் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு கனமான காந்தமோ உலோகமோ முன்னும் பின்னும் ஆடும். கனமான பொருளை ஒரு பக்கம் தள்ளினால், தள்ளுகிற உறை எதிர்ப்பக்கம் போகும். நியூட்டனின் மூன்றாம் விதி. அந்த உறையை நாற்காலியில் திருகிவிட்டால் நாற்காலி ஆடும். ஒரு அறையின் காற்று முழுக்க அசைக்க நூற்றுக்கணக்கான வாட்ஸ் வேண்டும். ஒரு நாற்காலியை அசைக்க 50 வாட்ஸ் தாராளம்.

இதை முதலில் கொண்டாடியவர்களில் மேடை டிரம்மர்கள் முக்கியமானவர்கள். மேடையில் எல்லோரும் காதுக்குள் மாட்டும் சின்ன ஸ்பீக்கருக்கு மாறியபோது, டிரம்மருக்குத் தன் பேஸ் டிரம் காலில் உதைக்கிற உணர்வே போய்விட்டது. அவர்கள் உட்காரும் ஸ்டூலுக்கு அடியில் ஒரு ஷேக்கரை மாட்டினார்கள். மேடையில் சத்தம் குறைந்தது, டிரம்மருக்கு உணர்வு திரும்பியது. கட்டடத்தை ஆட்டிய சென்சரவுண்டுக்கு நேர் எதிரான பாதை இது. மற்றவர்களுக்குத் தொந்தரவில்லாமல், யாருக்கு வேண்டுமோ அவர் ஒருவருக்கு மட்டும்.

எப்போ ஆடணும்னு நாற்காலிக்கு யார் சொல்றது?

கேம் ஆடுகிறவர்கள் உணர்ந்த பெரிய பிரச்சினை இது. செகா கம்பெனி 1976-லேயே 'மோட்டோகிராஸ்' என்ற ஆர்கேட் விளையாட்டில், பைக் மோதினால் ஹேண்டில்பார் உதறுகிற மாதிரி செய்துவிட்டது. அங்கே விளையாட்டே உத்தரவு போட்டதால் சிக்கல் இல்லை.

1994-ல் ஆரா கம்பெனி 'இன்டராக்டர்' என்று முதுகில் மாட்டும் ஒரு சாமானை விட்டது. வீடியோ கேமின் ஆடியோ வயரை அதில் செருக வேண்டும். எதிரி குத்தினால் முதுகில் குத்து விழும். நல்ல யோசனைதான், ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் ஆடியோ. பின்னணி இசையில் டிரம் வந்தாலும் குத்தும். எதிரியின் அடிக்கும் இசையமைப்பாளரின் அடிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. 1997-ல் நின்டென்டோ கொண்டுவந்த ரம்பிள் பேக்கை விளையாட்டின் புரோகிராமே நேராக இயக்கியது. கையில் பிடிக்கும் கண்ட்ரோலர் எல்லாம் உதற ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

சினிமாவிலும் இதே திருப்பம் வந்தது. கனடாவின் டி-பாக்ஸ் கம்பெனி, ஆடியோவை நம்பாமல், இந்த நொடியில் நாற்காலி இப்படி அசைய வேண்டும் என்று படத்துக்குப் படம் ஆள் வைத்துத் தனிக்குறிப்பு எழுதியது. 2009-ல் 'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' படத்தோடு அது தியேட்டருக்கும் வந்தது. என் பையன் கேட்கும் ரேஸ் சமாச்சாரத்தில் ஆடியோவே வேண்டாமாம். டயர் வழுக்குகிறதா, கியர் மாறுகிறதா, எந்தச் சக்கரம் சாலை விளிம்பில் ஏறியது என்று விளையாட்டு எண்களாகவே அனுப்பும். அதை வாங்கி ஒரு புரோகிராம் ஷேக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். இடது சக்கரம் ஏறினால் இடது பக்கம் மட்டும் அதிரும்.

ஆனால் கச்சேரிக்கு இந்தக் குறிப்பெல்லாம் யார் எழுதுவார்கள்? அப்பாவுக்கு ஆடியோ வழிதான். அங்கேதான் கதையின் இன்னொரு கிளைக்கு வர வேண்டியிருக்கிறது.

காது கேளாதவர்கள் முன்பே போன வழி

காஸில் மோட்டார் மாட்டுவதற்கு முப்பத்தைந்து வருஷம் முன்னால், 1924 பிப்ரவரியில், ஹெலன் கெல்லர் வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நியூயார்க் சிம்பனி இசைக்குழு பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனியை வாசித்ததை ஒலிபரப்பினார்கள். கண்ணும் காதும் இல்லாத கெல்லர், ரேடியோவின் ஒலிபெருக்கித் தகட்டின் மேல் கை வைத்துப் பார்த்தார். தாளத்தை உணர்ந்ததோடு நிற்கவில்லை, கருவிகளையும் மனிதக் குரல்களையும் பிரித்து உணர முடிந்தது என்று அந்த இசைக்குழுவுக்கே வியந்து கடிதம் எழுதினார். பீத்தோவனும் அந்த சிம்பனியை எழுதும்போது காது கேட்காதவர்தான் என்பதையும் கடிதத்தில் நினைத்துக்கொண்டார்.

அதே காலத்தில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ராபர்ட் கால்ட், பேச்சையே அதிர்வாக மாற்றிக் கையில் உணரவைக்க முடியுமா என்று வருஷக்கணக்கில் முயன்றார். ஓரளவுதான் பலித்தது. தோலால் சுமார் 1000 ஹெர்ட்ஸ் வரைதான் உணர முடியும். பேச்சில் 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் இருப்பதோ அதற்கு வெகு மேலே. தாளம் தோலுக்குப் புரியும், வார்த்தை சுலபத்தில் புரியாது.

வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் அமெரிக்கன் ஃபுட்பால் அணி, ஆட்டத்தைத் தொடங்கும் சமிக்ஞைக்காக மைதான ஓரத்தில் ஒரு பெரிய டிரம்மை வைத்து அடித்த காலம் உண்டு. காதில் கேட்க அல்ல, உடம்பில் உணர. ஸ்காட்லாந்தின் எவெலின் கிளெனி பன்னிரண்டு வயதுக்குள் பெரும்பாலும் கேட்கும் திறனை இழந்தவர். அவருடைய ஆசிரியர் டிம்பனி டிரம்மைச் சுருதி சேர்க்கும்போது சுவரில் கை வைத்து உணரச் சொன்னாராம். எந்தச் சுருதி உடம்பில் எந்த இடத்தில் படுகிறது என்று பழகிப் பழகி, உலகப் புகழ்பெற்ற தாளவாத்தியக் கலைஞர் ஆனார். மேடையில் பெரும்பாலும் செருப்பில்லாமல்தான் வாசிப்பார். தரையின் அதிர்வு காலில் தெரிய வேண்டுமே.

ஒரு பக்கம் டிக்கெட் விற்க நாற்காலியை ஆட்டினார்கள். இன்னொரு பக்கம் இசை வேண்டும் என்று சிலர் சுவரிலும் தகட்டிலும் கை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு கூட்டமும் வெகுநாள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. இப்போதுதான் மேலை நாடுகளில் கச்சேரிகளுக்கு அதிரும் உடுப்புகளைக் காது கேளாதவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

தேக்கு நாற்காலி

எங்கள் வீட்டு நிலவரத்துக்கு வருகிறேன். ஷேக்கர் வந்தது. யாருடைய நாற்காலிக்கு என்று பையன் கேட்கவே இல்லை. தானே டிரில்லை எடுத்துக்கொண்டு தாத்தாவின் தேக்கு நாற்காலிக்கு அடியில் படுத்துவிட்டான். அப்பா பதறிவிட்டார். "அது எங்கப்பா உக்காந்த நாற்காலிடா. அதுல ஓட்டை கீட்டை போட்டீங்க, பார்த்துக்குங்க!" பார்சல் லாரியில் கும்பகோணத்திலிருந்து வந்த ஒரே சாமான் அதுதான். கடைசியில் ஒரு பிளைவுட் பலகையில் ஷேக்கரைத் திருகி, அந்தப் பலகையை நாற்காலிச் சட்டத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கினோம். கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டுகள். சப்-வூஃபர் வயரைப் பிடுங்கி ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்து, அங்கிருந்து ஷேக்கருக்கு.

முதல் நாள் படுதோல்வி. செய்தி வைத்தோம். ஆண் குரலின் அடிநாதம் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருப்பதால் செய்தி வாசிப்பவர் பேசப் பேச நாற்காலி முனகியது. அப்பா துள்ளி எழுந்து, "என்னடா இது, இவன் முதுகுல ஏறி உக்காந்து பேசறான்" என்றார். 1994-ன் இன்டராக்டர் கதையேதான். செய்திக்கும் சீரியலுக்கும் ஷேக்கர் ஆஃப், கச்சேரிக்கு மட்டும் ஆன் என்று முடிவானது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நாற்காலி மட்டும் போதவில்லை. வயதாகும்போது பெரும்பாலும் மேல் ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் போகும், பேஸ் கடைசி வரை ஓரளவு இருக்கும். அப்பா வால்யூமை ஏற்றியது நாதஸ்வரம் தெளிவாகக் கேட்கவில்லை என்று. ஏறியதோ தவிலும் சேர்த்து. அதற்கு வழி, டிராயரில் ஒரு வருஷமாகத் தூங்கிய காது மெஷின்தான். டிவியிலிருந்து அதற்கு நேராக ஒலி போகும்படி செய்தோம். மெஷின் மட்டும் மாட்டினால் "தகரத்துல கேக்கற மாதிரி இருக்கு" என்று கழற்றி வைத்துவிடுவார். அத்தனை சின்ன சாமானிலிருந்து பேஸ் வராது. இப்போது மேலே இருப்பதை மெஷின் கொடுத்தது, கீழே இருப்பதை நாற்காலி கொடுத்தது.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கச்சேரியை வைத்தோம். ஹாலில் எங்களுக்கு அனேகமாக ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ மௌனப் படம் மாதிரி திரையில் நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புகிறார். அப்பா நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வலது கை பிடியை விட்டுவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. தனி ஆவர்த்தனம் முடிந்ததும் சொன்னார்: "தொப்பி நல்லா விழுது. வலந்தலைதான் கொஞ்சம் பத்தல."

எனக்கு அதுவே பெரிய சர்டிஃபிகேட். தவிலில் குச்சியால் அடிக்கும் இடது பக்கம் தொப்பி, ஒலி தாழ்ந்தது. விரல் கூடுகள் விளையாடும் வலது பக்கம் வலந்தலை, ஒலி உயர்ந்தது. ஷேக்கரின் எல்லை எது என்று எந்தப் புத்தகமும் பார்க்காமல் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

நடுவில் நான் கீழே போய் காகாவின் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு அசைவும் இல்லை. "போட்டாச்சா?" என்றார். போட்டாச்சு, இப்போ உச்சத்தில் ஓடுது என்றேன். நம்பாமல் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஹெலன் கெல்லர் ரேடியோவில் வைத்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

ஒரே ஒரு குறை. கோயில் வாசலில் அந்தத் தவில் தெருவுக்கே கேட்டது. இப்போது அப்பாவுக்கு மட்டும். அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். மேலே வந்ததும் எழுந்து நின்று, "நீ உக்காரு, இந்த இடம் கேளு" என்று ரிமோட்டில் பின்னால் ஓட்டினார். இரண்டு மாசம் கழித்து அவர் கையில் ரிமோட். உட்கார்ந்தேன். முதுகில் விழுந்தது.

பி.கு. 1: செய்ய நினைப்பவர்களுக்கு. மரச்சட்டத்தில் நேராக இறுக்குங்கள், தடித்த மெத்தையும் பஞ்சும் அதிர்வைக் குடித்துவிடும். கால்களுக்கு அடியில் ரப்பர் வைக்காவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் திரும்பவும் வருவார். ஷேக்கரில் காந்தம் இருக்கிறது, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், முதுகுத்தண்டு தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உட்காரக் கூடாது.

பி.கு. 2: பையனுக்கு ஷேக்கர் பொங்கலுக்கு வாங்கித் தருவதாக வாக்கு. தாத்தாதான் ஜாமீன்.